மலையிலிருந்து கடலுக்கு: புறாத்தீவு போட்டில் ஏறுமுன்

பாடசாலை விடுமுறை வந்தால் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் வேன் பேசத் தொடங்கிவிடுவார்கள். சீட்டுக் காசு, பெருநாள் முற்பணம், கொழும்பில் வேலை செய்யும் மகன் அனுப்பியது எல்லாம் சேர்த்து ஒரு திருகோணமலைப் பயணம். கோணேஸ்வரம் கும்பிட்டு, கன்னியா வெந்நீரூற்றில் குளித்து, நிலாவெளிக் கரையிலிருந்து போட்டில் புறாத்தீவு. கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர்தான். முகத்தில் மாஸ்க்கை மாட்டித் தண்ணீருக்குள் பார்த்தால் பவளப்பாறை, வண்ண மீன்கள், அதிர்ஷ்டம் இருந்தால் ஆமையும் குட்டிச் சுறாவும். கட்டாயம் போங்கள். வெளிநாட்டுக்காரர் கடல் கடந்து வந்து பார்ப்பதை நம் பிள்ளைகளும் பார்க்கட்டும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். நமக்குப் பழகிய தண்ணீர் வேறு. லயத்துப் பீலியும் ஆற்று மடுவும் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களும் கிரகரி வாவியும் கடலைப் பற்றி எதையும் சொல்லித் தராது. நம்மில் பலருக்கு நீச்சல் தெரியாது. தெரியாதவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளும்போதுதான் வினை வருகிறது. சுறாவைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். நீங்கள் பயப்பட வேண்டியது இஞ்சினுக்கு, நீரிழுப்புக்கு, ஆள் கூடிய போட்டுக்கு, இரவெல்லாம் தூங்காத டிரைவருக்கு. பட்டுத் தெரிந்துகொண்டவர்களைப் பார்த்துவிட்டேன். நீங்கள் படித்தே தெரிந்துகொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவை

மாதம் பார்த்து நாள் குறியுங்கள். நம்மவர்கள் அதிகம் தவறுவது இதில்தான். கிழக்குக் கடல் அமைதியாக இருப்பது ஏறக்குறைய ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை. ஒக்டோபருக்குப் பிறகு வடகீழ்ப் பருவக்காற்று மெல்ல எழும்பும். நவம்பர், டிசம்பரில் நிலாவெளியில் அலை உயரும், தண்ணீர் கலங்கும், போட் ஓடினாலும் அடியில் எதுவும் தெரியாது. ஆனால் நம் வீட்டில் நீண்ட விடுமுறை டிசம்பரில்தானே வருகிறது! அந்த மாதத்தில் கடல் பார்க்க ஆசைப்பட்டால் தெற்குப் பக்கம் திரும்புங்கள். மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கும் பருவமும் ஹிக்கடுவையில் பவளம் பார்க்கும் பருவமும் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. கல்பிட்டியில் டொல்பின் கூட்டம் வருவதும் அதே மாதங்களில். ஓகஸ்ட் விடுமுறை என்றால் திருகோணமலை. இதை மாற்றிப் போட்டால் காசும் போகும், வயிறும் புரளும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி கிழக்குக் கரையில் ஏறி நம் மலைகளைச் சரித்ததை இதை வாசிக்கும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதங்களின் கடல் எப்படியிருக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

புறப்படும் நாளுக்கு முதல் நாள் வானிலை கேளுங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் கடல் பகுதிகளுக்குத் தனி எதிர்வுகூறல் தருகிறது, வானொலியிலும் சொல்வார்கள். மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லும் நாளில் உங்களுக்கும் கடலில் வேலை இல்லை.

அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். புறாத்தீவு 2003 முதல் தேசிய பூங்கா. உள்நாட்டவருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்குப் பல மடங்கு கூடிய கட்டணம்.

டிக்கட்டை வனஜீவராசிகள் திணைக்களத்தின் கவுண்டரில் நீங்களே எடுங்கள். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வேன் நின்றவுடன் தரகர்கள் சூழ்ந்துகொள்வார்கள். "எல்லாம் சேர்த்து இவ்வளவுதான்" என்பவரிடம் எல்லாம் என்றால் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: நுழைவுக் கட்டணம், போட் கூலி, மாஸ்க் வாடகை, லைஃப் ஜாக்கெட், திரும்பி வரும் நேரம். கணக்கைக் கரையிலேயே முடித்துவிடுங்கள். தீவில் இறங்கிய பிறகு பேரம் பேச உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

காலையில் முதல் போட்டைப் பிடியுங்கள். காற்று எழும்புமுன் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், கூட்டமும் குறைவு. பொயா விடுமுறையிலும் நீண்ட வார இறுதியிலும் பத்து மணிக்குப் போனால் மீனுக்குப் பதில் அடுத்தவர் காலைத்தான் பார்ப்பீர்கள்.

லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே போட்டு, பட்டியை இறுக்கி, சோதித்த பிறகு ஏறுங்கள். போட்டுக்கு அடியில் குவித்து வைத்திருக்கும் ஜாக்கெட் யாரையும் காப்பாற்றாது. போட்டவருடைய ஜாக்கெட்டின் தோள் பகுதியை இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பாருங்கள். காதுக்கு மேல் ஏறினால் அது பெரிது. தண்ணீரில் ஆள் கீழே நழுவுவார், ஜாக்கெட் மட்டும் மிதக்கும். பிள்ளைக்குப் பெரியவருடைய ஜாக்கெட்டைப் போட்டு "பரவாயில்லை" என்று விடுகிற தவறு இங்கேதான் நடக்கிறது. பிள்ளை அளவு கேளுங்கள். கால் இடுக்கில் போடும் பட்டி இருந்தால் அதையும் போடுங்கள். பிய்ந்த துணி, பொடியாகிப்போன ரெஜிபோம், உடைந்த கொக்கி இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். வெட்கம் வேண்டாம். "அண்ணே, ஆளுக்கொரு ஜாக்கெட் வந்த பிறகு ஏறுறோம்" என்று ஒரு முறை உறுதியாகச் சொன்னால் போதும். இல்லை என்றால் அடுத்த போட்டைப் பாருங்கள், கரையில் போட்டுக்குப் பஞ்சமில்லை.

போட் ஓட்டுபவரிடம் எத்தனை பேருக்கு அனுமதி என்று கேட்டுவிட்டுத் தலைகளை எண்ணுங்கள். உங்கள் குழுவில் ஒருவருக்கு இந்த வேலையைப் பொறுப்பாகக் கொடுங்கள். ஏறும்போது ஒரு முறை, தீவை விட்டுக் கிளம்பும்போது ஒரு முறை.

மாஸ்க்கைப் பட்டியைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளே இழுத்துப் பாருங்கள். கையை எடுத்தும் விழாமல் ஒட்டி நின்றால் உங்கள் முகத்துக்குப் பொருத்தம். விழுந்தால் வேறு கேளுங்கள். தலைமுடி விளிம்புக்குள் போனால் தண்ணீர் கசியும், அடர்ந்த மீசைக்காரருக்குக் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கண்ணாடி போடுபவர்கள் மூக்குக்கண்ணாடியோடு மாஸ்க் போட முடியாது, பவர் வைத்த மாஸ்க் இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். ஆவி படிந்தால் கண்ணாடியின் உள்பக்கம் எச்சில் தடவி ஒரு அலசு அலசுங்கள். அருவருப்பாகத்தான் இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

இடுப்பளவு தண்ணீரில் நின்றபடியே பழகுங்கள். இதற்குத் தனியாக அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் குழாயை வாயில் கடித்து, கரையில் நின்றே வாயால் மட்டும் மூச்சு விடுங்கள். பிறகு குனிந்து முகத்தை மட்டும் தண்ணீரில் வையுங்கள். மூக்கு அடைபட்ட உணர்வில் முதலில் எல்லோருக்கும் பதற்றம் வரும், உடம்பு துள்ளி எழும். எழுந்து நில்லுங்கள், மறுபடி வையுங்கள். மூச்சு நீளமாக, மெதுவாக ஓடத் தொடங்கிய பிறகுதான் காலைத் தூக்க வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் ஏறினால் விழுங்காமல், பலமாக ஒரு முறை ஊதித் தள்ளுங்கள். மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தால் எழுந்து நின்று வடித்துவிட்டுப் போடுங்கள். இந்த நான்கையும் நிற்கும் ஆழத்தில் செய்ய முடியாதவர் ஆழத்தில் செய்யப் போவதில்லை. அவர் கரையில் உட்கார்ந்து பார்க்கட்டும், அதிலும் குறைவொன்றுமில்லை.

இரண்டிரண்டு பேராக இறங்குங்கள். முகம் தண்ணீருக்குள், காது தண்ணீருக்குள். நீங்கள் தடுமாறினால் கூப்பிட முடியாது, கூப்பிட்டாலும் கேட்காது. ஜோடி கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சில மூச்சுக்கு ஒரு முறை தலையைத் தூக்கி, கரை எங்கே, ஜோடி எங்கே என்று பாருங்கள்.

எந்தப் பக்கம் இறங்குவது என்று காவலரிடமோ போட்காரரிடமோ கேளுங்கள். தீவு சின்னதுதான், சுமார் 200 மீற்றர் நீளம், 100 மீற்றர் அகலம். ஆனாலும் அதன் எல்லாப் பக்கமும் ஒன்றல்ல. ஒரு பக்கம் ஆழம் குறைந்து பவளம் நெருங்கியிருக்கும், இன்னொரு பக்கம் பாறை இடுக்கில் நீர் இழுக்கும். அன்றைய காற்றைப் பார்த்து அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

நீர் இழுத்தால் மிதந்துகொண்டே கையைத் தூக்குங்கள். இழுப்புக்கு நேர் எதிராக நீந்திக் கரையேற முயன்றவர்கள்தான் களைத்துப்போய் மூழ்குகிறார்கள். ஜாக்கெட் போட்டிருக்கிறீர்கள், அது உங்களைத் தாங்கும். மல்லாந்து படுங்கள். நீந்த முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போய், இழுப்பு தளர்ந்த இடத்தில் கரைக்குத் திரும்புங்கள்.

லெகிங்ஸ், நீண்ட கை டீ-சேர்ட் போடுங்கள். சேலையும் துப்பட்டாவும் தண்ணீரில் கனக்கும், காலைச் சுற்றும், போட்டில் ஏறி இறங்கும்போது எங்காவது மாட்டும். நம் பெண்கள் கூச்சப்பட்டுக்கொண்டு முழுச் சேலையோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன், அடுத்த அலையில் முழங்கால் மடங்கும். உடம்பை மூடும் இறுக்கமான உடுப்பு வெயிலுக்கும் நல்லது, கௌரவத்துக்கும் நல்லது. ஆண்கள் ஜீன்ஸைக் கரையில் கழற்றி வையுங்கள்.

நழுவாத ரப்பர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கரையில் நடங்கள். புறாத்தீவின் கரையில் செத்த பவளத் துண்டுகள் குவிந்து கிடக்கும். வெறுங்காலை அது கிழிக்கும், அந்தக் காயம் லேசில் ஆறாது.

வாந்தி வருபவர்கள் போட்டில் ஏற ஒரு மணி நேரம் முன் மாத்திரையைப் போடுங்கள். வளைவுப் பாதையில் வேனில் வாந்தி எடுப்பவருக்குக் கடலிலும் வரும். திமிங்கிலம் பார்க்கப் போவதென்றால் மணிக்கணக்கில் ஆழ்கடலில் ஆட வேண்டும். மாத்திரையை மருந்தகத்தில் கேட்டு வாங்குங்கள், பிள்ளைகளுக்கு டொக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். காலையில் எண்ணெய் சொட்டும் வடையைத் தவிர்த்து ரொட்டியோ பிஸ்கட்டோ சாப்பிடுங்கள். தலை சுற்றினால் போனைப் பார்க்காமல் தூரத்து அடிவானத்தைப் பாருங்கள்.

தண்ணீரும் ஜீவனியும் எடுத்துப் போங்கள். நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்துக் குளிரிலிருந்து ஒரே நாளில் கடல் மட்டத்து வெயிலுக்கு இறங்குகிறீர்கள். தாகம் தெரியாமலே உடம்பு வற்றும். தீவில் கடை கிடையாது.

நெஞ்சு நோய், பிரஷர், வலிப்பு, வீசிங் உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். குழாயால் மூச்சு விடுவது நெஞ்சுக்கு வேலை கொடுக்கும். இன்ஹேலர் வேனில் இருந்து பயனில்லை, தண்ணீர் புகாத பையில் கூடவே வர வேண்டும்.

விலங்கைப் பார்த்தவுடன் அசையாமல் மிதந்து பாருங்கள். ஆமை புல்லை மேய்வது போல ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டு மூச்சு வாங்க மேலே வரும். அதன் வழியை விட்டு விலகி நில்லுங்கள். நீங்கள் சும்மா இருந்தால் அது உங்களைக் கணக்கெடுக்காது, நிமிஷக்கணக்கில் பார்க்கலாம். துரத்தினால் ஒரு வாலைத்தான் பார்ப்பீர்கள். கூடுதலான சுற்றுலாக்காரர்கள் அந்த வாலை மட்டுமே படம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

1990, 119 இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள். முதலாவது இலவச சுவசெரிய அம்புலன்ஸ், இரண்டாவது பொலிஸ்.

செய்யக்கூடாதவை

எதைக் கண்டாலும் எல்லோரும் போட்டின் ஒரே பக்கம் சாயாதீர்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். 2009 செப்டெம்பர் 30ஆம் திகதி கேரளத்தின் தேக்கடியில், பெரியாறு ஏரியில் 'ஜலகன்னிகை' என்ற இரண்டு தட்டுச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். நம் மலை போலவே ஏலமும் தேயிலையும் விளையும் ஊர்ப்பக்கம், புயலும் இல்லை, அலையும் இல்லை. கரையில் காட்டு விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டது விபத்தின் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. நிலாவெளியில் ஓடுவது அதைவிடச் சிறிய பைபர் போட். "டொல்பின், டொல்பின்!" என்று ஒருவர் கத்தினால் பத்துப் பேர் எழும்புவார்கள். உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தே பாருங்கள். போட்டைத் திருப்பிக் காட்டுவது ஓட்டுபவருடைய வேலை.

"இன்னும் இரண்டு பேர்தானே" என்று நெருக்கி ஏறாதீர்கள். 2014 ஜனவரி 26 அன்று அந்தமானில் போர்ட் பிளேயருக்கு அருகே ஆள் கூடிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 21 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள். இதே திருகோணமலை மாவட்டத்தில், 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். அது கடல்கூட இல்லை, ஒரு கடவை. கூலியில் மிச்சம் பிடிக்க ஒரே போட்டில் எல்லோரும் ஏறுவதைவிட இரண்டு தடவையாகப் போங்கள்.

குடித்தவரை ஏற்றாதீர்கள், குடித்துவிட்டு இறங்காதீர்கள். வேன் கினிகத்தேனையைத் தாண்டுமுன்னே போத்தல் திறக்கும் பழக்கம் நமக்குத் தெரியாததல்ல. குடித்தவனுக்குத் தைரியம் கூடும், மூச்சு குறையும். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், மாமாவை நிழலில் உட்கார வைத்துவிட்டுப் போங்கள். போட் ஓட்டுபவர் வாயில் வாடை வந்தால் நீங்களும் ஏறாதீர்கள்.

பவளத்தின் மேல் நிற்காதீர்கள். பாறை மாதிரித்தான் தெரியும், ஆனால் அது கோடிக்கணக்கான சிறு உயிர்கள் கட்டிய வீடு. மான்கொம்பு போலக் கிளைவிடும் வகை வருஷத்துக்குச் சில சென்ரிமீற்றர்தான் வளரும், மூளை மாதிரி உருண்ட வகை ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர். நீங்கள் ஒரு நொடி கால் ஊன்றினால் உடைவது உங்கள் பிள்ளையின் வயதைவிடப் பழையதாக இருக்கலாம். புறாத்தீவைச் சுற்றி நூறளவு பவள வகைகளும் முந்நூறளவு பவளப்பாறை மீன் வகைகளும் பதிவாகியிருக்கின்றன. கடல் சூடாகிப் பவளம் வெளிறுவது ஒரு பக்கம், முட்கிரீட நட்சத்திர மீன் தின்பது ஒரு பக்கம். அதற்கு மேல் நம் காலும் வேண்டாம். களைத்தால் மல்லாந்து மிதந்து இளைப்பாறுங்கள், நிற்க வேண்டுமானால் மணல் திட்டைப் பார்த்து நில்லுங்கள். தண்ணீர் வற்றும் நேரத்தில் பவளத்துக்கு மேல் நீந்தினால் அதுவும் உங்கள் வயிற்றைக் கீறிவிடும்.

பவளம், சங்கு, சிப்பி எதையும் பையில் போடாதீர்கள். செத்த துண்டானாலும் தேசிய பூங்காவிலிருந்து எடுத்து வருவது குற்றம். வழிக்கடையில் விற்கும் பவளத்தையும் ஆமையோட்டுச் சாமானையும் வாங்காதீர்கள். நீங்கள் வாங்குவதால்தான் இன்னொருவர் உடைக்கிறார்.

எந்த விலங்குக்கும் தீனி போடாதீர்கள். மீனுக்குப் பாண் போட்டால் கூட்டம் சேரும், படம் நன்றாக வரும். பிறகு அதே மீன்கள் கையைக் கடிக்க வரும், பவளத்தை மூடும் பாசியைத் தின்ன வேண்டியவை பாண் தின்னக் காத்திருக்கும். கோணேஸ்வரம் போகும் வழியில் பிரட்ரிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களுக்கும் இதே கதை. உங்கள் கையிலிருக்கும் பழத்தோடு அவை பொலித்தீன் பையையும் விழுங்கும். ஹபரணை வீதியில் யானையைக் கண்டால் வேனை நிறுத்தாதீர்கள், ஜன்னலால் வாழைப்பழம் நீட்டாதீர்கள். பழகிய யானை அடுத்த வேனை மறிக்கும்.

ஆமையைத் தொடாதீர்கள், பிடித்துத் தூக்காதீர்கள், மேலே ஏறாதீர்கள். ஆமைக்கும் மூச்சு வேண்டும், மேலே வர விடாமல் அமுக்கினால் அது மூழ்கும். தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி கடலாமைகள் முழுப் பாதுகாப்புப் பெற்றவை. "ஒரு போட்டோ எடுத்துட்டு விடுறேன்" என்று போட்காரரே பிடித்துக் காட்ட வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

குட்டிச் சுறாவைக் கண்டு கத்தாதீர்கள், துரத்தவும் வேண்டாம். புறாத்தீவில் காண்பது முதுகுச் செட்டையின் நுனி கறுத்த பவளப்பாறைச் சுறா. வளர்ந்தாலும் பெரும்பாலும் ஒன்றரை மீற்றருக்கு மேல் போகாது, ஆளைக் கண்டால் விலகிப் போகும். வழியை மறித்தால், மூலையில் மடக்கினால், மீன் இரத்தம் தண்ணீரில் கலந்தால்தான் அதன் குணம் மாறும். பதறிப் பவளத்தின் மேல் ஓடிக் காலைக் கிழித்துக்கொள்வதுதான் இங்கே பெரிய ஆபத்து.

"இன்னும் கிட்டப் போங்க அண்ணே" என்று போட்காரரை நெருக்காதீர்கள். திருகோணமலைக்கு வெளியே கரைக்குக் கிட்டவே கடலின் அடி பாதாளமாக இறங்குவதால் நீலத்திமிங்கிலமும் விந்துத்திமிங்கிலமும் டொல்பினும் அருகே வருகின்றன. 2012இல் வந்த ஒழுங்குவிதிப்படி திமிங்கிலத்துக்கு 100 மீற்றருக்குள் போட் போகக்கூடாது. விதியை மீறுவது அவர்தான், ஆனால் மேலதிகக் காசை நீட்டுவது நாம். ஐந்து போட் வளைத்துத் துரத்தினால் தாயும் குட்டியும் பிரியும், முங்கிவிட்டால் உங்களுக்கும் காட்சி இல்லை. இஞ்சினைக் குறைத்துவிட்டுக் காத்திருக்கும் போட்காரர் கிடைத்தால் அவருக்கே அந்த மேலதிகக் காசைக் கொடுங்கள்.

இஞ்சின் முழுதாக நிற்குமுன் இறங்காதீர்கள், ஏறாதீர்கள், போட்டின் பின்பக்கம் நீந்தாதீர்கள். சுழலும் காற்றாடி தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. தீவைச் சுற்றி எந்நேரமும் போட் வந்து போகும். நீந்துபவர்களுக்குக் கயிறும் மிதவையும் கட்டி எல்லை போட்டிருந்தால் அதைத் தாண்டாதீர்கள்.

காற்றடித்த ரப்பர் வளையத்தில் பிள்ளையை விட்டுவிட்டுக் கரையில் பேசிக்கொண்டிருக்காதீர்கள். கரையிலிருந்து கடல் பக்கம் காற்று வீசினால் வளையம் நிமிஷத்தில் எட்டாத தூரம் போய்விடும். சின்னப் பிள்ளை மூழ்கும்போது கத்தாது, கை அசைக்காது. சத்தமே இல்லாமல் போகும். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கையெட்டும் தூரம்.

மூழ்குபவரைக் காப்பாற்றக் கண்ணை மூடிக்கொண்டு குதிக்காதீர்கள். பயந்தவர் பிடிக்கும் பிடியில் இரண்டு பேரும் போவார்கள். நீர்த்தேக்கங்களிலும் மடுக்களிலும் ஒருவர் பின் ஒருவராக இறங்கிப் போன குடும்பங்களை மலையகத்துக்குத் தெரியும். ஜாக்கெட், கயிறு, காலிப் போத்தல், மிதக்கிற எதையாவது எறியுங்கள். கத்தி ஆள் சேருங்கள்.

நீச்சல் தெரிந்தவர்கள் மூச்சைத் திரும்பத் திரும்ப வேகமாக இழுத்துவிட்டு ஆழத்தில் முங்கிப் பந்தயம் கட்டாதீர்கள். அப்படி மூச்சு வாங்கினால், இப்போது காற்று வேண்டும் என்று உடம்பு கேட்கும் எச்சரிக்கை பிந்திவிடும். கேட்குமுன் மயக்கம் வரும். இதில் போவது நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞர்கள்தான்.

முகம் முழுவதையும் மூடும் மாஸ்க்கைப் புதிதாகப் பழகுபவர்கள் வாங்காதீர்கள். தண்ணீர் புகுந்தாலோ மூச்சு முட்டினாலோ வாய்க்குழாயைத் துப்புவது போல அதைச் சட்டென்று கழற்ற முடியாது.

பாறை இடுக்கில் கை விடாதீர்கள். கறுப்பு ஊசி மாதிரிக் கடல் முள்ளெலி, கல்லோடு கல்லாகக் கிடக்கும் கல்மீன், அழகாக விரிந்த சிங்கமீன் எல்லாம் அங்கேதான் இருக்கும். கல்மீன் முள் ஏறினால் தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் பட்ட இடத்தை வைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சொறிமுட்டை பட்டால் தேய்க்காதீர்கள், போத்தல் தண்ணீர் ஊற்றாதீர்கள். கடல் தண்ணீராலேயே கழுவுங்கள். சிறுநீர் ஊற்றச் சொல்லும் அனுபவசாலிகளை அன்போடு தள்ளி நிறுத்துங்கள்.

சன்கிறீமை அப்பிக்கொண்டு உடனே தண்ணீரில் இறங்காதீர்கள். ஒக்ஸிபென்சோன் கலந்த கிறீம் பவளத்துக்கு நஞ்சு என்பதால் பலாவு நாடும் ஹவாய் மாநிலமும் அதைத் தடை செய்திருக்கின்றன. நீண்ட கை டீ-சேர்ட்டே உங்களுக்குப் போதும்.

சங்கிலி, தாலிக்கொடி, மோதிரத்தோடு கடலில் இறங்காதீர்கள். குளிர்ந்த விரலில் மோதிரம் நழுவும், மணலில் போனது கிடைக்காது. தாலியைக் கழற்ற மனமில்லை என்றால் டீ-சேர்ட்டுக்குள் ஊசி குத்தி வையுங்கள். போனைப் பையில் போட்டுக் கழுத்தில் கட்டினாலும் அந்தப் பையை முதல் நாள் வீட்டு வாளித் தண்ணீரில் சோதித்துப் பாருங்கள்.

சாப்பாட்டுப் பார்சலும் ஷொப்பிங் பேக்கும் தீவுக்குக் கொண்டுபோகாதீர்கள். தேசிய பூங்காக்களுக்குள் பொலித்தீன் தடை, பையைச் சோதிப்பார்கள். மிதக்கும் பை ஆமைக்குச் சொறிமுட்டை மாதிரியே தெரியும், விழுங்கினால் குடல் அடைக்கும். சோற்றைக் கரைக்கு வந்து சாப்பிடுங்கள்.

பாறைகளில் ஏறிப் புறாக்களைக் கிளப்பாதீர்கள். தீவுக்குப் பெயர் தந்த மாடப்புறாக்கள் அந்தப் பாறை இடுக்குகளில்தான் கூடு கட்டும். வெள்ளைக்காரர் காலத்தில் இந்தத் தீவில் சுட்டுப் பழகினார்கள். 1963இல் சரணாலயமாக்கி மீட்ட இடம் இது.

இரவோடு இரவாக மலையேறித் திரும்பாதீர்கள். வெயிலும் உப்புத் தண்ணீரும் பட்ட உடம்பு எல்லோரையும் தூங்க வைக்கும், டிரைவரும் மனிதர்தான். கந்தளாயிலிருந்து ஹபரணை வரை இருட்டில் யானை குறுக்கே நிற்கும். கண்டி தாண்டினால் நம் வளைவுகள். 2025 மே 11 அதிகாலை கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நுவரெலியாப் பக்கம் போகிறவர்கள் அந்த வளைவைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். உங்களுக்கு அறை எடுக்கும்போது டிரைவருக்கும் படுக்க இடம் எடுங்கள், வேனில் சுருண்டு கிடக்க விடாதீர்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போய்ப் பேர் விழ வேண்டும் என்ற அவசரம் இருந்தால் கடலைச் சனிக்கிழமை காலையிலேயே முடியுங்கள். ஞாயிறு விடிந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் பொழுது சாயுமுன் ஹட்டன்.